தானுந்துப் புகைபோக்கி ஒலி மாற்றம்

தானுந்துப் புகைபோக்கி ஒலி மாற்றம் என்பது, தானுந்துப் பொறியின் கழிவு வளிமத்தை வெளியேற்றும் குழாய்த் தொகுதியில் உள்ள ஒலியடக்கி முதலிய உறுப்புகளை நீக்கியோ, அவற்றுக்குப் பதிலாக வேறு உறுப்புகளைப் பொருத்தியோ வண்டியின் ஒலியைக் கூட்டுவதை அல்லது அதன் தன்மையை மாற்றுவதைக் குறிக்கும். ஒலியடக்கி, தமிழ்ப் பேச்சு வழக்கில் சைலன்சர் எனப்படுகின்றது. பின்புறம் தெரியும் குழாய் முழுவதையும் சைலன்சர் என்று சொல்வதும் உண்டு.

இத்தகைய மாற்றங்கள் பொறியின் ஆற்றலைக் கூட்டுதல், எடையைக் குறைத்தல், தோற்றத்தை மாற்றுதல், விரும்பிய ஒலியைப் பெறுதல் ஆகிய நோக்கங்களுக்காகச் செய்யப்படுகின்றன. இவற்றுள் ஒலியே பெரும்பாலானோரின் முதன்மை நோக்கமாக உள்ளது. எனினும் ஒலி கூடுவதும் ஆற்றல் கூடுவதும் ஒன்றல்ல. ஆற்றல் சிறிதும் கூடாமல் ஒலி மட்டும் பலமடங்காகலாம். ஒலி பெரிதும் கூடாமல் ஆற்றலைச் சற்றுக் கூட்டவும் இயலும். ஒலியை விரும்பி மாற்றுபவர் ஒருவராகவும் அதைக் கேட்க நேர்பவர்கள் பலராகவும் இருப்பதனால், பெரும்பாலான நாடுகளில் இம்மாற்றம் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

புகைபோக்கித் தொகுதியின் உறுப்புகள்

பெட்ரோல் தானுந்து ஒன்றில், பொறியின் ஒவ்வோர் உருளையில் இருந்தும் வெளிவரும் கழிவு வளிமம் முதலில் பன்மடிக் குழாயில் ஒன்று சேர்கின்றது. அதனை அடுத்து வினையூக்கி மாற்றி அமைந்திருக்கும். இது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் துணையுடன் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஐதரோகார்பன்கள், நைட்ரசன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தீங்கு குறைந்த பொருட்களாக மாற்றுகின்றது. இதற்கு முன்னும் பின்னும் ஆக்சிசன் உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். அடுத்து, குறிப்பிட்ட சில அதிர்வெண்களை மட்டும் குறைக்கும் ஒத்ததிர்வு அறையும், அதன்பின் முதன்மை ஒலியடக்கியும் உள்ளன. இறுதியில் இருப்பது வால்குழாய்.

டர்போ பொருத்திய பொறிகளில், பன்மடிக் குழாயை அடுத்துள்ள சுழலி, கழிவு வளிமத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றது. இதனால் அப்பொறிகளின் ஒலி இயல்பாகவே சற்று மழுங்கியிருக்கும்.

ஒலி தோன்றும் விதம்

உருளையினுள் எரிபொருள் எரிந்தபின் வெளியேற்று வால்வு திறக்கும்போது, உள்ளிருக்கும் வளிமத்தின் அழுத்தம் வெளியில் உள்ள அழுத்தத்தைவிடப் பலமடங்கு மிகுந்திருக்கும். வால்வு திறந்தவுடன் இந்த வளிமம் ஓர் அழுத்தத் துடிப்பாகக் குழாய்க்குள் பாய்கின்றது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் இத்துடிப்புகளே புகைபோக்கி ஒலியின் அடிப்படை ஆகும்.

நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிப்பை நிகழ்த்துகின்றது. எனவே நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் ஓடும் நான்கு உருளைப் பொறியில் நொடிக்கு 100 எரிப்புகள் நிகழ்கின்றன; அதன் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் ஆகும். அதே வேகத்தில் மூன்று உருளைப் பொறிக்கு இது 75 ஹெர்ட்ஸ், ஆறு உருளைப் பொறிக்கு 150 ஹெர்ட்ஸ், எட்டு உருளைப் பொறிக்கு 200 ஹெர்ட்ஸ். இவ்வடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் மடங்குகளும் பாதிகளும் கலந்து வருவதே ஒவ்வொரு பொறிக்கும் தனி ஒலியைத் தருகின்றது.

எரிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கின்றது. அமெரிக்கத் தானுந்துகளில் பரவலாகக் காணப்படும் எட்டு உருளை 'வி' வடிவப் பொறிகளில், ஒவ்வொரு வரிசையிலும் எரிப்புகள் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. அவற்றின் விட்டுவிட்டு ஒலிக்கும் கனத்த உறுமலுக்கு இதுவே காரணம். சுபாரு நிறுவனத்தின் பல கிடைநிலைப் பொறிகளில், பன்மடிக் குழாயின் கிளைகள் சம நீளம் இல்லாதிருந்தமையால் துடிப்புகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து இதையொத்த ஒலியை எழுப்பின. ஆகவே, ஒலியடக்கியை நீக்கிவிடுவதனால் மட்டும் ஒரு சிறிய நான்கு உருளைத் தானுந்து எட்டு உருளை வண்டியைப் போல ஒலிப்பதில்லை. தன் ஒலியையே கூடுதல் உரப்புடன் எழுப்பும்.

ஒலியடக்கி செயற்படும் விதம்

ஒலியடக்கிகள் பொதுவாக இரண்டு முறைகளில் செயற்படுகின்றன. பெரும்பாலான தொழிற்சாலை ஒலியடக்கிகள் இவ்விரண்டையும் இணைத்தே பயன்படுத்துகின்றன.

உறிஞ்சு முறையில், துளையிட்ட குழாய் ஒன்றைச் சுற்றிக் கண்ணாடி இழை அல்லது உருக்கு இழை அடைக்கப்பட்டிருக்கும். துளைகளின் வழியே இழைக்குள் செல்லும் ஒலி உராய்வினால் வெப்பமாக மாறுகின்றது. வளிமம் நேராகச் செல்வதால் தடை குறைவு. இம்முறை உயர் அதிர்வெண்களை நன்றாகக் குறைக்கும். தாழ் அதிர்வெண்களை அவ்வளவாகக் குறைப்பதில்லை. நாளடைவில் இழை எரிந்தும் சிதைந்தும் வெளியேறிவிடுவதால், இத்தகைய ஒலியடக்கிகளின் ஒலி ஆண்டுகள் செல்லச்செல்லக் கூடுகின்றது. பொருத்திய நாளில் சட்ட வரம்புக்குள் இருந்த வண்டி, பின்னர் வரம்பை மீறுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

எதிரொலிப்பு முறையில், ஒலியலைகள் பல அறைகளுக்குள் திருப்பிவிடப்படுகின்றன. திரும்பி வரும் அலை எதிர்வரும் அலையுடன் எதிர்க்கட்டத்தில் சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிவியலாளர் எர்மான் வான் எல்ம்ஓல்ட்சு ஆய்ந்த ஒத்ததிர்வு அறையும், கால் அலைநீளப் பக்கக் குழாயும் இவ்வகையைச் சேர்ந்தவை. கழிவு வளிமம் ஏறத்தாழ 350 பாகை செல்சியசில் இருக்கும்போது அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டர் அளவில் இருக்கும். அந்நிலையில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை அழிக்க வேண்டிய பக்கக் குழாயின் நீளம் 1.25 மீட்டர் ஆகும். தாழ் ஒலியை அடக்குவதற்கு இவ்வளவு இடம் தேவைப்படுவதால்தான் தொழிற்சாலை ஒலியடக்கிகள் பெரியனவாகவும் எடை மிகுந்தனவாகவும் உள்ளன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கொலம்பசு நகரைச் சேர்ந்த மில்டன் ரீவ்சு, மார்சல் ரீவ்சு ஆகியோர் 1897ஆம் ஆண்டில் பொறிகளுக்கான ஒலியடக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். தானுந்தின் தொடக்க காலத்திலேயே ஒலியடக்கியைத் தவிர்க்கும் வழியும் தோன்றிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பதின்மங்களில் பல வண்டிகளில், ஒலியடக்கிக்கு முன்பே வளிமத்தை வெளிவிடும் திறப்பு ஒன்று இருந்தது. ஓட்டுநர் ஒரு நெம்புகோல் அல்லது மிதியால் அதைத் திறக்க முடிந்தது. மேட்டில் ஏறும்போது ஆற்றல் கிடைக்கும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். நகரங்களுக்குள்ளும் இது திறந்துவிடப்பட்டதால், 1910களில் அமெரிக்க நகரங்கள் பல இதற்குத் தடை விதித்தன. தானுந்து ஒலியைப் பற்றிய பிணக்கு தானுந்தின் அளவுக்கே பழமையானது என்பதை இது காட்டுகின்றது.

1930களில் தென் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராச் முதலிய வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் தாம் மாற்றியமைத்த பழைய தானுந்துகளை ஓட்டிப் போட்டியிட்டனர். ஒலியடக்கிக்கு முன் கிளை பிரியும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வாயை மூடியால் அடைத்து ஊருக்குள் ஓட்டிச் செல்வதும், ஏரிப்படுகையில் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் அவர்களிடையே வழக்கமாக இருந்தன. பொதுச் சாலைக்கும் போட்டிக் களத்துக்கும் இடையே அவர்கள் வைத்திருந்த வேறுபாடு அந்த மூடியிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பண்பாடு பெரிதும் பரவியது. 1951இல் தேசிய ஆட்ராடு சங்கம் நிறுவப்பட்டுப் போட்டிகள் சாலையில் இருந்து களங்களுக்கு மாறத் தொடங்கின. ஆனால் போட்டி வண்டியின் ஒலி சாலையிலேயே தங்கிவிட்டது. கண்ணாடி இழை ஒலியடக்கிகள் ஆற்றலுக்காக அல்லாமல் ஒலிக்காகவே விற்கப்பட்டன.

ஐக்கிய அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளில் இருந்து வினையூக்கி மாற்றிகள் பரவலாயின. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. இதன்பின், புகைபோக்கியை மாற்றுவது இரைச்சல் பற்றிய சிக்கலாக மட்டும் இல்லாமல், வளி மாசு பற்றிய சிக்கலாகவும் ஆயிற்று.

மாற்றும் முறைகள்

வழக்கில் உள்ள முறைகள், அவற்றின் விளைவு குறைந்ததில் இருந்து மிகுந்தது வரை ஏறத்தாழப் பின்வருமாறு அமைகின்றன.

வால்குழாய் முனை மாற்றம்: வால்குழாயின் முனையில் அகன்ற, பளபளப்பான முனையைப் பொருத்துதல். தோற்றம் மாறும், ஒலியில் பெரிய வேறுபாடு இராது.

பின் ஒலியடக்கி மாற்றம்: பின் அச்சுக்குப் பின்னால் உள்ள ஒலியடக்கியை மட்டும் தடை குறைந்த வேறொன்றால் மாற்றுதல். இதை அமெரிக்க வழக்கில் ஆக்சில்-பேக் என்பர். ஒலி தெளிவாகக் கூடும். ஆற்றலில் மாற்றம் மிகக் குறைவு.

வினையூக்கி மாற்றிக்குப் பிந்திய தொகுதி மாற்றம்: கேட்-பேக் எனப்படும் இம்முறையில், வினையூக்கி மாற்றிக்கும் வால்குழாய்க்கும் இடைப்பட்ட குழாய்கள், ஒத்ததிர்வு அறை, ஒலியடக்கி அனைத்தும் மாற்றப்படும். வினையூக்கி மாற்றி தொடப்படாததால், வளி மாசுச் சட்டங்களை மீறாமல் செய்யக்கூடிய மாற்றங்களுள் இதுவே விரிவானது.

ஒத்ததிர்வு அறை நீக்கம்: அறையை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாயை ஒட்டவைத்தல். செலவு குறைவு. ஆனால் தொழிற்சாலையில் திட்டமிட்டு அடக்கிய அதிர்வெண் மீண்டும் எழும்.

ஒலியடக்கி நீக்கம்: ஒலியடக்கியை முற்றிலும் எடுத்துவிடுதல்.

திறப்பு வால்வு: ஒலியடக்கிக்கு முன் மின்விசையால் திறந்து மூடும் வால்வு ஒன்றைப் பொருத்துதல். பழைய நெம்புகோல் திறப்பின் புதிய வடிவம் இது.

நேர்க்குழாய்: வினையூக்கி மாற்றி உட்பட அனைத்தையும் நீக்கி, பொறியில் இருந்து வால்குழாய் வரை வெறும் குழாயாக்குதல். போட்டிக் களங்களுக்கு வெளியே இது ஏறத்தாழ எங்கும் சட்டத்துக்கு மாறானது.

இவை தவிர, குழாய்களை மாற்றாமல் பொறியின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றுவதும் உண்டு. முடுக்கியில் இருந்து காலை எடுக்கும்போது எரிபொருளை நிறுத்தாமல், தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எரிபொருள் குழாய்க்குள் எரியுமாறு செய்வதனால் வெடிப்பொலிகள் எழுகின்றன. இது துப்பாக்கிச் சூட்டொலியோ என ஐயுற வைப்பதோடு, வினையூக்கி மாற்றியை அளவு மீறிச் சூடாக்கி உருக்கியும் விடுகின்றது.

ஆற்றலும் பின்னழுத்தமும்

பொறிக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் தேவை என்னும் கருத்து தானுந்து ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளது. இது சரியன்று. பின்னழுத்தம் என்பது வளிமம் வெளியேறுவதற்கு எதிரான தடை. ஆடுதண்டு அத்தடைக்கு எதிராக வளிமத்தைத் தள்ள வேண்டியிருப்பதால், அது எப்போதும் ஆற்றல் இழப்பையே தருகின்றது.

எனினும் இக்கருத்து தோன்றியதற்குக் காரணம் உண்டு. மிக அகன்ற குழாயைப் பொருத்தினால் தாழ் வேகத்தில் வண்டியின் இழுவை குறைவதை ஓட்டுநர்கள் உணர்கின்றனர். ஆனால் அங்கே குறைந்தது பின்னழுத்தம் தர வேண்டிய நன்மை அன்று. குழாயினுள் வளிமம் செல்லும் வேகம் ஆகும். தக்க விட்டமும் நீளமும் உள்ள குழாயில், வேகமாகச் செல்லும் ஒரு துடிப்பின் பின்னே தாழ்ந்த அழுத்தம் உண்டாகி, அடுத்து வெளிவரும் வளிமத்தை உறிஞ்சி இழுக்கின்றது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் இவ்விளைவு குன்றுகின்றது. ஆகவே பெரிய குழாய் எல்லாம் சிறந்த குழாய் அன்று.

டர்போ இல்லாத இக்காலத் தானுந்துகளில், ஒலியடக்கியை மாற்றுவதனால் கிடைக்கும் ஆற்றல் பெரும்பாலும் சில குதிரைத்திறன் அளவே. பல வேளைகளில் அளவிடத்தக்க மாற்றம் எதுவும் இருப்பதில்லை. டர்போ பொறிகளில் சுழலியை அடுத்துள்ள குழாயை மாற்றி, மென்பொருளையும் திருத்தினால் கூடுதல் பயன் கிடைக்கும். ஒலி உயர்ந்த வண்டி விரைவாகச் செல்வது போன்ற உணர்வு ஓட்டுநருக்கு ஏற்படுவதால், கிடைக்காத ஆற்றலும் கிடைத்ததாகத் தோன்றுவது உண்டு.

இரைச்சல் அளவீடு

ஒலியின் அளவு டெசிபல் என்னும் மடக்கை அலகால் குறிக்கப்படுகின்றது. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். 20 டெசிபல் கூடினால் நூறு மடங்காகும். மனிதச் செவிக்கு 10 டெசிபல் உயர்வு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும்.

தானுந்துகளின் இரைச்சலை அளக்க இரு முறைகள் கையாளப்படுகின்றன. கடந்து செல்லும் சோதனையில், வண்டி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முடுக்கப்பட, அதன் பாதையின் நடுக்கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தொலைவில் உள்ள ஒலிவாங்கிகள் இரைச்சலைப் பதிகின்றன. நிலைச் சோதனையில், வண்டி நிற்கும் நிலையில் பொறியைக் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி, வால்குழாயில் இருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கி வைக்கப்படுகின்றது. காவல்துறையினரும் வண்டி ஆய்வு நிலையங்களும் பயன்படுத்துவதற்கு இரண்டாவது முறையே எளிது.

இவ்விரு முறைகளின் எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகின்றது. அரை மீட்டருக்கும் 7.5 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு 15 மடங்கு. அதாவது ஏறத்தாழ 23 டெசிபல். எனவே வால்குழாய் அருகே 95 டெசிபல் காட்டும் ஒலி, சாலையோரத்தில் நிற்பவரிடம் 72 டெசிபல் அளவில் சென்றடையும். ஒரு நாட்டின் வரம்பு 95 என்றும் மற்றொரு நாட்டின் வரம்பு 72 என்றும் இருப்பதைக் கொண்டு முன்னதைத் தளர்வான சட்டம் எனக் கொள்வது தவறு.

பாதிப்புகள்

வண்டிக்குள் இருப்போர்: ஒலியடக்கியையோ ஒத்ததிர்வு அறையையோ நீக்கிய பல வண்டிகளில், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது தாழ்ந்த முழக்கம் ஒன்று இடைவிடாமல் கேட்கும். எரிப்பு அதிர்வெண் வண்டியின் உட்கூட்டினுடைய இயல்பதிர்வெண்ணுடன் ஒன்றுவதே இதற்குக் காரணம். குறுகிய பயணத்தில் இன்பமாகத் தோன்றும் ஒலி, நெடும்பயணத்தில் தலைவலியையும் களைப்பையும் தருவதாகிவிடும். தொழிலிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகின்றது. 94 டெசிபலில் அது ஒரு மணி நேரமே.

வளிமக் கசிவு: சரியாகப் பற்றவைக்கப்படாத இணைப்புகளும், வண்டியின் உடலுக்கு வெளியே நீளாமல் அடியிலேயே முடிந்துவிடும் குழாய்களும் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புக வழிசெய்கின்றன. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் உயிரைப் பறிக்கக்கூடியது. புகைபோக்கி மாற்றத்தால் விளையக்கூடிய நேரடியான உயிர்க்கேடு இதுவே. கொட்டகைக்குள் அல்லது மூடிய வண்டி நிறுத்தத்தில் பொறியை ஓடவிட்டு ஒலியைச் சோதித்துப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

வளி மாசு: வினையூக்கி மாற்றியை நீக்கினால், அது மாற்றிக்கொண்டிருந்த நச்சு வளிமங்கள் அனைத்தும் அப்படியே வெளியேறுகின்றன. ஆக்சிசன் உணரி இதை அறிந்து எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். அவ்விளக்கை மென்பொருளால் அணைத்துவிடுவோரும் உளர். அதன்பின் பொறியில் உண்மையான கோளாறு நேர்ந்தாலும் அது தெரியாமல் போகக்கூடும்.

அயலார்: உலக சுகாதார அமைப்பு 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சாலைப் போக்குவரத்தின் சராசரி இரைச்சல் நாள் முழுவதற்குமான கணக்கில் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளது. தொடர்ந்த சாலை இரைச்சல் உறக்கக் குலைவுக்கும் இதய நோய்க்கும் காரணமாவதாக அவ்வமைப்பு குறிப்பிடுகின்றது. ஆனால் மாற்றியமைத்த வண்டிகளின் பாதிப்பைச் சராசரி எண்கள் முழுமையாகக் காட்டுவதில்லை. நள்ளிரவில் ஒருமுறை கடந்து செல்லும் ஒரு வண்டி, அத்தெருவின் 24 மணி நேரச் சராசரியை ஏறத்தாழ மாற்றுவதே இல்லை. ஆயினும் அத்தெருவில் உறங்குவோர் அனைவரையும் அது எழுப்பிவிடக்கூடும். கைக்குழந்தைகள், நோயாளிகள், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோர் ஆகியோர் இதனால் கூடுதலாகத் துன்புறுகின்றனர்.

சட்டங்கள்

ஐரோப்பா: ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் வெளியிட்ட நெறிமுறையில் பயணியர் தானுந்துகளின் வரம்பு, கடந்து செல்லும் சோதனையில் 82 டெசிபலாக இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் இது 74 டெசிபலாகக் குறைந்தது. 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, சோதனை முறையை மாற்றியமைத்ததோடு, வழமையான தானுந்துகளின் வரம்பை 72, 70, 68 டெசிபல் என மூன்று படிகளில் குறைக்க வகைசெய்தது. ஐக்கிய இராச்சியத்தில் 1986ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒலியடக்கியை இரைச்சல் கூடுமாறு மாற்றுவது குற்றம் ஆகும்.

ஐக்கிய அமெரிக்கா: பயணியர் தானுந்துகளின் இரைச்சலுக்கு நாடு தழுவிய வரம்பு இல்லை, மாநிலங்களே விதிக்கின்றன. கலிபோர்னியாவில் 6000 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடைத் தரமுள்ள தானுந்துகளுக்கு, நிலைச் சோதனையில் 95 டெசிபல் வரம்பாகும். நியூ யார்க் மாநிலத்தில் 2021இல் கையெழுத்தான சட்டம், மிகையொலிப் புகைபோக்கிகளுக்கான உச்சத் தண்டத்தை 1000 டாலராக உயர்த்தியது. வினையூக்கி மாற்றியை நீக்குவது நாடு முழுவதும் தூய வளிச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையைத் தனியாட்களுக்கும் விரிவாக்கியது.

யப்பான்: மாற்று ஒலியடக்கிகள் பெருவணிகமாக உள்ள நாடுகளுள் யப்பானும் ஒன்று. அங்கு 1990களின் இறுதியில் நிலைச் சோதனை வரம்பு 103 டெசிபலில் இருந்து 96 டெசிபலாகக் குறைக்கப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் உற்பத்தியான வண்டிகளுக்கு, செயல்திறன் சான்றளிக்கப்பட்ட ஒலியடக்கிகளை மட்டுமே பொருத்த முடியும்.

இந்தியா: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இயன்ற அளவு இரைச்சலைக் குறைக்கும் ஒலியடக்கி இருக்க வேண்டும் என்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதில் இருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனை உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். இரைச்சல் மற்றும் வளி மாசுத் தரங்களை மீறி ஓட்டுபவருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கவும், ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு முடக்கவும் இடமுண்டு. இந்தியாவில் இவ்வகை மாற்றங்கள் தானுந்துகளைவிட மோட்டார் மிதிவண்டிகளிலேயே மிகுதி. பறிமுதல் செய்த ஒலியடக்கிகளைச் சாலையில் அடுக்கிச் சாலை உருளையால் நசுக்கும் நிகழ்ச்சிகளைப் பல நகரங்களின் காவல்துறையினர் நடத்தியுள்ளனர்.

இரைச்சல் கண்டறியும் கருவிகள்

கடந்து சென்றுவிட்ட வண்டியின் இரைச்சலை மெய்ப்பிப்பது கடினமாகையால், அண்மைக் காலத்தில் தானியங்கிக் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. பிரான்சில் பாரிசு வட்டாரத்தின் இரைச்சலைக் கண்காணிக்கும் புருயிட்பாரிஃப் என்னும் அமைப்பு, நான்கு ஒலிவாங்கிகளைக் கொண்ட மெதூசு என்னும் கருவியை உருவாக்கியது. நான்கு ஒலிவாங்கிகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு, ஒலி எத்திசையில் இருந்து வருகின்றது என்பதை இது கணிக்கின்றது. 2022இல் அந்நாட்டில் சாலையோரங்களில் இரைச்சல் கண்டறியும் கருவிகள் சோதனை முறையில் நிறுவப்பட்டன. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் நான்கு இடங்களில் இத்தகைய சோதனைகள் தொடங்கின.

நியூ யார்க் நகரில், 85 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வண்டிகளை ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் சேர்ந்து பதிவு செய்கின்றன. அங்குத் தண்டம் 800 டாலரில் தொடங்கி, திரும்பத் திரும்பச் செய்வோருக்கு 2500 டாலர் வரை உயர்கின்றது. சராசரி இரைச்சலை விடுத்து ஒரு வண்டி எழுப்பும் உச்ச ஒலியைக் கணக்கில் எடுப்பதே இக்கருவிகளின் முதன்மைச் சிறப்பாகும்.

உற்பத்தியாளர்களும் ஒலியும்

உரத்த ஒலியைத் தானுந்து நிறுவனங்களும் விற்பனைக்குரிய ஒரு பண்பாகவே கருதுகின்றன. பல விளையாட்டுத் தானுந்துகளில், ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகின்றன. ஃபோர்டு நிறுவனம் 2018ஆம் ஆண்டு மஸ்டாங்கு மாதிரியில், விடியற்காலையில் பொறியை இயக்கும்போது அயலார் எழாதவாறு ஒலியைக் குறைக்கும் அமைதித் தொடக்க வசதியை அறிமுகப்படுத்தியது. இதனால் தொடக்க ஒலி ஏறத்தாழ 10 டெசிபல் குறைந்து 72 டெசிபலாகும் என நிறுவனம் தெரிவித்தது. ஒரே வண்டியில் உரத்த ஒலியும் அடங்கிய ஒலியும் இயலும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

வேறு சில நிறுவனங்கள் வெளியே ஒலியைக் கூட்டாமல், வண்டிக்குள் உள்ள ஒலிபெருக்கிகளின் வழியே பொறியின் ஒலியை ஓட்டுநருக்கு மட்டும் கேட்கச் செய்கின்றன. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2011இல் அறிமுகப்படுத்திய எம்5 மாதிரியில் இவ்வசதி இடம்பெற்றது. இது போலியானது எனச் சில ஆர்வலர்கள் குறைகூறினாலும், ஒலியின் இன்பத்தை விரும்புபவர் ஒருவரோடு நிறுத்திவிடும் வழி இது.

மின்தானுந்துகளில் எரிப்பும் இல்லை. கழிவு வளிமமும் இல்லை. அவை தாழ் வேகத்தில் மிக அமைதியாகச் செல்வதால், பார்வையற்றோர் முதலிய பாதசாரிகளின் பாதுகாப்புக்காக, 2019 சூலை முதல் ஐரோப்பாவில் புதிய மின்தானுந்து வகைகள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் எனச் சட்டம் வந்தது. மறுபுறம், டாட்ஜ் நிறுவனம் 2022இல் காட்சிப்படுத்திய சார்ச்சர் டேட்டோனா மின்தானுந்தில், பெருக்கியும் ஒலியறைகளும் கொண்ட புகைபோக்கி போன்ற அமைப்பு ஒன்று 126 டெசிபல் வரை ஒலி எழுப்பும் என அறிவித்தது. கழிவு வளிமமே இல்லாத வண்டிக்கும் இத்தகைய ஒலி அமைக்கப்படுவது, புகைபோக்கியின் உரத்த ஒலி பொறியின் தேவையால் அன்றி மனிதரின் விருப்பத்தால் நிலைத்திருப்பதைக் காட்டுகின்றது.